கழற்றிய மாலை யார் கைக்குப் போகிறது

தனிப்பிரிவு ஏட்டு ஏசுபாதம் மப்டியில் வந்தால் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவர்கள்கூட எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிற பேண்ட், கையில் மடித்த செய்தித்தாள், எல்லாம் கச்சிதமாக இருக்கும். காலில் மட்டும் சர்க்கார் கொடுத்த பழுப்பு பூட்ஸ். தான் போலீஸ் என்பது யாருக்கும் தெரியாது என்று அந்த ஊரில் நம்பிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில், முகப்பு உள்பக்கம் வருகிற மாதிரி கட்டியிருப்பார். ஆளைப் பின்தொடரும்போது மணி பார்ப்பது வெளியே தெரியக்கூடாதாம். பயிற்சியில் யாரோ சொன்னது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் கட்டுகிறார். அவர் யாரையாவது பின்தொடர்ந்தால், அந்த ஆள் இரண்டு தெரு தள்ளி நின்று, "டீ சாப்பிட்டுப் போலாமா சார்" என்று கேட்பதுதான் வழக்கம்.

ஆனால் சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் குரோம்பேட்டையில் ஒரு மந்திரியின் கூட்டம். சோடாப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஒருவனை, மேடைக்காரர்கள் ஆள் என்று நினைத்து ஏசுபாதம் வழிவிட்டார். அவன் மேடையேறி, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நிதானமாகக் காலிலிருந்து கழற்றி வீசினான். செருப்பு மந்திரி மேல் படவில்லை. பக்கத்தில் இருந்த பஞ்சாயத்துத் தலைவர் மேல் பட்டது. அதில் ஊருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் ஏசுபாதத்துக்கு மெமோ வந்தது. சப் இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. இந்த வருஷம்தான் மறுபடி பட்டியலில் ஏறியிருக்கிறது. இன்னொரு தப்பு நடந்தால் ஓய்வு பெறும்வரை ஏட்டுதான் என்று செங்கல்பட்டு ஆபீசில் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான், எழுபத்தைந்தாம் வருஷம் ஜனவரியில், வடக்கே ஒரு ரயில்வே விழா மேடையில் குண்டு வெடித்து மந்திரியே இறந்துபோனார். அடுத்த மாதம் தாம்பரத்தில் ரயில்வே ஊழியர்களுக்குக் கல்யாண மண்டபம் கட்ட அடிக்கல் நாட்டு விழா. டெல்லியிலிருந்து ஒரு துணை மந்திரி வருகிறார். விழா வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் அசரியா ஒரு சைக்ளோஸ்டைல் காகிதத்தை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டினார். மாலை போடுகிற ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், விலாசம், அவரைத் தெரியும் என்று கையெழுத்துப் போடுகிற பொறுப்பான நபர் யார், எல்லாம் ஒரு பட்டியலில் வரவேண்டும். மாலைகளை வாசலிலேயே ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். பொறுப்பு ஏட்டு ஏசுபாதம்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாதஸ்வரக்காரரின் உறையைத் திறக்கச் சொல்லி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் பார்த்தார். பாட்டுப் பாடவிருந்த பள்ளிக்கூடப் பெண்கள் இருபத்தொரு பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருபத்திரண்டு பேர் ஒத்திகைக்கு வந்ததைப் பிடித்தார்; அந்த இருபத்திரண்டாவது பெண், அக்காவுக்குத் துணையாக வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. தலைமையாசிரியை ஹில்டா டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் அவரே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டு வந்தார் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் எதிரில் பூக்கடை கனகவல்லியிடம் போனார். விழாவுக்கான நாற்பத்து மூன்று மாலைகளும் அவள் கட்டவேண்டியவை. மாதிரிக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்த ரோஜா மாலையை ஏசுபாதம் கோணி ஊசியால் குத்திக் குத்திப் பார்த்ததில் இதழ்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. கனகவல்லி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"குடுக்கற ஆளையே நோண்டிகினு கீறீங்களே சார்," என்றாள் நாரைக் கிழித்துக்கொண்டே. "தலிவரு கழுத்துல மால எத்தினி நேரம் கீது? ஒரு மூச்சு விடற நேரம். ஒடனே கயட்டிடறாரு. கயட்டி யார் கையில தராரு? மால போடறவன் ஒரு செகண்டுல எறங்கிப் பூடறான். வாங்கறவன் கூட்டம் முடியற வரிக்கும் பக்கத்துலயே நிக்கறான். அவன இன்னிக்கி வரிக்கும் யாராச்சும் கேட்டீங்களா?"

ஏசுபாதம் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு நேராக எட்மண்டின் ஸ்டுடியோவுக்கு நடந்தார்.

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் எந்தக் கட்சிக் கூட்டம், எந்தத் திறப்பு விழா என்றாலும் படம் எடுப்பது எட்மண்ட்தான். பழைய படங்களை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக மேஜையில் பரப்பினார்கள். பத்தாவது படத்தில் ஏசுபாதத்தின் விரல் நின்றது.

எழுபத்தொன்றில் ஒரு தேர்தல் கூட்டம். அதே வருஷம் எதிர்க்கட்சியின் கூட்டம். எழுபத்து மூன்றில் பல்லாவரத்தில் ஒரு படிப்பகத் திறப்பு விழா. போன வருஷம் ஒரு தொழிற்சங்க மாநாடு. நான்கிலும் தலைவர்கள் வேறு, கொடிகள் வேறு, பந்தல்கள் வேறு. தலைவருக்கு இடதுபக்கம், கை எட்டும் தூரத்தில், ஒரே ஆள். அறுபது வயது இருக்கும். அரைக்கை வெள்ளைச் சட்டை, தடித்த சட்டமிட்ட கண்ணாடி, பின்னுக்கு வாரிய நரைமுடி. எங்கோ பெரிய இடத்து ஆள் என்று சொல்லும்படியான முகம். இடது தோளிலிருந்து முழங்கைவரை மாலைகள்.

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஏசுபாதம் ஊர் முழுக்க அலைந்தார். கட்சிச் செயலாளர் பார்த்துவிட்டு, இவர் ரயில்வே யூனியன்காரர் ஆயிற்றே என்றார். யூனியன் ஆபீசில், எங்க ஆள் இல்லை, கட்சி அனுப்பின ஆள் என்றார்கள். படிப்பகத்துக்காரர் கலெக்டர் ஆபீஸ் என்றார். கலெக்டர் ஆபீஸ் பியூன், பெரிய ஸ்கூல் ஏதோ ஒன்றின் கரெஸ்பாண்டென்ட் என்று சத்தியம் செய்தான். கடைசியில் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரிடம் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார்.

"என்ன ஏட்டய்யா, சோதிக்கிறீங்களா? இவர் உங்க தனிப்பிரிவு ஆளுதானே? மாநாட்டு அன்னிக்கு பந்தோபஸ்துக்கு வந்த சாப்பாட்டுப் பொட்டலத்துல ஒண்ணு இவருக்கும் குடுத்தோமே. ஊறுகாய் இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு."

ஏசுபாதம் படங்களை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். நாலு வருஷமாக ஒருவன் மந்திரிகளின் விலா எலும்புக்குப் பக்கத்தில் நிற்கிறான். அவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவன் அடுத்தவர் ஆள். குரோம்பேட்டைச் சோடாக்காரனையும் இப்படித்தானே நினைத்தோம் என்று தோன்ற, திரும்ப ஸ்டுடியோவுக்கு ஓடினார். நான்கு படங்களையும் பெரிதாக்கிக் கொடுக்கச் சொன்னார்.

புதன்கிழமை காலை பெரிய படங்கள் காய்ந்து தயாராக இருந்தன. எட்மண்ட் படிப்பகப் படத்தை மட்டும் தனியே வைத்திருந்தார். லென்ஸை அதன்மேல் வைத்து, நகர்ந்து நின்றார்.

மாலைக்காரருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றிருந்தார். ஒரு கையில் குடை. மார்போடு சேர்த்து அணைத்த இன்னொரு கையில் பெரிய துணிப்பை. முகம் பாதிதான் தெரிந்தது. பாதியே போதும்.

"சார், இது நீங்கதானே?" என்றார் எட்மண்ட், மெதுவாக.

ஏசுபாதத்துக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பந்தோபஸ்துக்கு நின்ற தன்னிடம் அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பிடிங்க" என்று குடையையும் பையையும் நீட்டினார். அப்படிச் சொல்கிற தொனியில் ஒரு அதிகாரம். கலெக்டரின் பி.ஏ. என்றுதான் ஏசுபாதம் நினைத்தார். மாலை வாங்க அவருக்கு இரண்டு கையும் தேவை அல்லவா. ஒரு மணி நேரம் அந்தப் பையைக் கீழே வைக்காமல், தூசி படாமல் பிடித்திருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை; இன்றைக்கும் தெரியாது. வெடிகுண்டாக இருந்திருந்தால், மந்திரியிடமிருந்து நாலடி தூரத்தில் அதைப் பத்திரமாகக் காவல் காத்தது தனிப்பிரிவு.

இந்தப் படம் இன்ஸ்பெக்டர் கைக்குப் போனால் பட்டியலில் பெயர் நிற்குமா? கொடுக்காமல் இருக்கலாம் என்றால், மற்ற மூன்று படத்திலும் அந்த ஆளின் முகம் மாலையில் பாதி மறைந்துவிட்டது. முகம் முழுசாக விழுந்தது இதில்தான்.

எட்மண்டுக்கு மனிதர்களின் கஷ்டம் புரியும். "வெட்டிடலாமா சார்?" என்றார். "கல்யாண போட்டோவுல சண்டை போட்டுக்கிட்ட சம்பந்தியையெல்லாம் நான்தான் வெட்டித் தரேன். இருந்த இடமே தெரியாது."

பிளேடை வைத்துச் செதுக்கினார். ஏசுபாதம் போனார், குடை போயிற்று. ஆனால் பையைப் பிடித்த கை மட்டும் மாலைக்காரரின் இடுப்பை ஒட்டி வந்து நின்றது. அதை வெட்டினால் அவருடைய முழங்கையும் போய்விடும், படத்தில் ஆள் நொண்டியாகத் தெரிவார் என்று எட்மண்ட் கைவிரித்தார். போகட்டும், ஒரு கையை வைத்து யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ஏசுபாதம் சமாதானம் செய்துகொண்டார். வெட்டிய துண்டை ஸ்டுடியோவில் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எட்மண்ட் மேலேயே ஒரு சந்தேகம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அசரியா படங்களைப் பார்த்தார். முதலில் ஏசுபாதத்தைப் பாராட்டினார். பிறகு லென்ஸை எடுத்தார். லென்ஸ் படிப்பகப் படத்தின் ஓரத்தில் வந்து நின்றது.

"இது யார் கை?"

பொதுமக்களில் யாராவது இருக்கும் என்றார் ஏசுபாதம். குரல் அவருக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"பொதுமக்கள் எவனாவது அடுத்தவன் பையை வாங்கி இப்படிக் குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு நிப்பானா? இவன் தனி ஆள் இல்லைய்யா. ரெண்டு பேர். ஒருத்தன் கிட்ட நிக்கிறான். ஒருத்தன் சரக்கை வச்சிருக்கான். பாரு, வாட்ச்சை எப்படிக் கட்டியிருக்கான். வலது கையில, உள்பக்கமா. டைம் பாக்கறது தெரியக்கூடாதுன்னு. இவன் பயிற்சி எடுத்தவன்."

இதில் பயங்கரம் என்னவென்றால், கடைசி வாக்கியம் முழு உண்மை. ஏசுபாதம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மேடைக் காவலுக்குப் போட்டிருந்த பன்னிரண்டு கான்ஸ்டபிள்களையும் அசரியா அந்த நிமிஷமே எடுத்து, அந்தக் கையைத் தேட அனுப்பினார். மேற்பார்வை, வேறு யார், ஏட்டு ஏசுபாதம்.

மத்தியானத்திலிருந்து தாம்பரத்தில் ஆண்பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டே நடக்கவேண்டியதாயிற்று. ஏசுபாதம் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. இருபத்திரண்டு வருஷ வெள்ளை. கடிகாரத்தை வீட்டில் அரிசி டின்னுக்குள் புதைத்தார். சாயங்காலம் அரிசி அளக்கப் படி விட்ட மனைவி பேபியின் கையில் அது வந்தது.

"இத உலையில போடணுமா, இல்ல வறுக்கணுமா?" என்று கேட்டாள் பேபி. ரிப்பேர் என்றார். ரிப்பேரான கடிகாரம் காதருகே டிக்டிக்கென்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டே அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை மாலைக்காரர் அகப்பட்டார். ஒரு பஸ் கண்டக்டர் அடையாளம் சொன்னார். பொழிச்சலூரில் வீடு, பெயர் ஜீவரத்தினம். குரோம்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் ஸ்டோர்கீப்பராக முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்சியும் இல்லை. எந்த ஆபீசும் இல்லை. குடையும் பையுமாக ஜீப்பிலிருந்து அவர் இறங்கிய தோரணையைப் பார்த்து வாசல் சென்ட்ரி விறைப்பாக சல்யூட் வைத்துவிட்டான்.

பையைத் திறக்கப் பெரிய ஏற்பாடு நடந்தது. ஸ்டேஷன் பின்கட்டில் அதை வைத்துவிட்டு, எல்லோரும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஒரு கான்ஸ்டபிள் மூங்கில் கழியால் பையைக் கவிழ்த்தான். இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு துண்டு, ஊக்குகள், ஒரு தகர டப்பா. டப்பாவைத் தண்ணீர் வாளியில் முக்கி அரைமணி நேரம் ஊறவைத்தார்கள். முகப்பவுடர்.

"மாலைத் தண்ணியில சட்டை நனைஞ்சு சாயம் ஏறிடும் சார்," என்றார் ஜீவரத்தினம், கரைந்துபோன பவுடரைப் பார்த்துக்கொண்டே. "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திக்கணும். என் வீட்டுக்காரி ஜெயசீலி நான் டியூஷன் எடுக்கப் போறதா நினைச்சிட்டிருக்கா."

எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு நிதானமாகச் சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் பல்லாவரத்தில் ஒரு கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனாராம். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். தலைவர் மாலையைக் கழற்றினார், பக்கத்தில் திரும்பாமலே நீட்டினார். நீட்டிய கைக்கு எதிரில் ஜீவரத்தினம் இருந்தார், வாங்கிக்கொண்டார். அடுத்ததையும் வாங்கினார். கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். அதற்குப்பின் எந்த மேடையிலும் அவரை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த இடத்தில், ஓய்வு பெற்ற அன்றுகூட, தன்னை மேடைக்குக் கூப்பிடவில்லை என்பதை அவர் புகாராகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னார்.

அசரியா இதை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. படத்தை அவர் முன்னால் வைத்தார். "சரி. இந்தக் கை?"

ஜீவரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் தாண்டி வந்த பார்வை, வேகாத வெயிலில் மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நின்ற ஏசுபாதத்திடம் வந்து நின்றது.

"ஞாபகம் இல்லை சார்," என்றார் ஜீவரத்தினம். "யாரோ நல்ல மனுஷர். கேட்டதும் வாங்கிக்கிட்டார். நான் மேடையில நிக்கும்போது யார் முகத்தையும் பாக்கறதில்லை. கையைத்தான் பாப்பேன்."

அந்த நல்ல மனுஷரான ஏசுபாதம், ஜீவரத்தினம் எதற்காகத் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற யோசனையிலேயே மத்தியானம் முழுக்கத் தவித்தார். பின்னால் இதை வைத்து என்ன கேட்பான்? கூட்டாளிதான் காட்டிக்கொடுக்க மாட்டான். அப்படியானால் நான் கூட்டாளியா? தன் மேலேயே தனக்குச் சந்தேகம் வந்த முதல் தனிப்பிரிவு ஏட்டு அவராகத்தான் இருப்பார்.

நாலு மணிக்குக் 'கை' பிடிபட்டுவிட்டது என்று சேதி வந்தது. மைக் செட் போடும் சவுரிமுத்து. கம்பத்தில் ஏறும்போது கண்ணாடி உடையாமல் இருக்கக் கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தான். அவன் இடது கைக்காரன், அதனால் கடிகாரம் வலது கையில். ஏணி உச்சியிலிருந்து ஒலிபெருக்கிக் குழாயோடு இறக்கி, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மந்திரி வந்தால் மைக் யார் தருவார் என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்க, அதைக்கூட ஒரு மிரட்டலாக ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஏசுபாதம் அவன் முகத்தைப் பார்க்காமல் நழுவி, விழா மைதானத்துக்குப் போனார். மேடை தயாராக இருந்தது. மந்திரிக்கு நடுவில் உயரமான நாற்காலி. காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள் இல்லை. பன்னிரண்டு பேரில் சிலர் சவுரிமுத்துவைக் காவல் காத்தார்கள்; சேதி போகாத மற்றவர்கள் இன்னும் பஜாரில் கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்கு இடதுபக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஜீவரத்தினத்தின் இடம். அவர்தான் ஸ்டேஷனில் இருக்கிறாரே, நாளைக்கு இங்கே யார்?

கட்சிச் செயலாளர் அந்தப் பக்கம் வந்தார். நாளைக்கு மந்திரி கழற்றுகிற மாலையை வாங்குவது யார் என்று கேட்டார் ஏசுபாதம்.

"யாராவது வாங்குவாங்க," என்றார் செயலாளர், தோரணத்தைச் சரிசெய்துகொண்டே. "அதுக்கெல்லாமா ஆள் போடுவாங்க?"

யாராவது. ஏசுபாதம் அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குப் போய் அரிசி டின்னில் கைவிட்டார். பேபி மறுபடியும் அதை அங்கேயே புதைத்து வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் கடிகாரத்தை வைத்தார். சட்டைப்பையிலிருந்து வெட்டிய துண்டை எடுத்து, நீவி, படத்தின் ஓரத்தோடு சேர்த்து வைத்தார். பிசிறில்லாமல் பொருந்தியது, எட்மண்டின் கை அப்படி. குடை கைக்கு வந்தது. கைக்கு ஒரு ஆள் வந்தார்.

அசரியா துண்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"சவுரிமுத்துவை விட்டுடுங்கய்யா," என்றார் ஏசுபாதம். "பன்னெண்டு பேரையும் மேடைக்கு அனுப்புங்க. கூட்டாளி யாரும் இல்ல. நான்தான் பையைப் பிடிச்சேன். பெரிய ஆள்னு நினைச்சேன். திறந்து பாக்கல. நாளைக்கு அந்த இடத்துல யார் வேணா போய் நிக்கலாம். நாமளே இப்படி அவன் பையைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்."

"ரெண்டு நாளா," என்றார் அசரியா, "ஒரு ஸ்டேஷனே உன் கையத் தேடிக்கிட்டிருந்திருக்கு. நீ மேற்பார்வை." கோபத்தில் கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது ஏசுபாதத்துக்கு. அசரியா மாலைப் பட்டியலை அவர் பக்கம் தள்ளினார். "மெமோ அது பாட்டுக்கு வரும். நாளைக்கு மாலை வாங்கற இடத்துல நீ நில்லு. உன்னை விட்டா அந்த இடத்தைப் பாத்துப் பயப்படற ஆள் இங்க யாருமில்லை."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் துணை மந்திரி மேடையேறினார். ஏசுபாதம் அவருக்கு இடதுபக்கம், மாலைப் பட்டியல் வைத்த கோப்போடு நின்றார். கூட்டத்தின் முதல் வரிசையில், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில், ஜீவரத்தினம். விட்டுவிடலாம் என்று முடிவாகியும், கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று அசரியா உட்கார வைத்திருந்தார். மைக் பிரமாதமாக வேலை செய்தது. கம்பத்தடியில் நின்ற சவுரிமுத்து கடிகாரமே கட்டியிருக்கவில்லை.

முதல் மாலை விழுந்தது. மந்திரி கும்பிட்டார், கழற்றினார், இடதுபக்கம் நீட்டினார். திரும்பவில்லை. தன் மாலை யார் கைக்குப் போகிறது என்று அரைக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஏசுபாதம் வாங்கிக்கொண்டார். அந்த ஈரமான கனம் கைக்கு வந்தது. இவ்வளவு சுலபமா?

ஆறாவது மாலையில் முழங்கை கடுத்தது. ஒன்பதாவதில் மாலைகள் நழுவின. முதல் வரிசையில் ஜீவரத்தினம் பொறுக்க முடியாமல் தன் இடது தோளைத் தட்டிக் காட்டினார்: கையில் அடுக்காதே, தோளில் போடு. ஏசுபாதம் தோளில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டாவதுக்குக் கோப்பு இடைஞ்சலாக இருந்தது. அப்புறம் மந்திரியின் கைகள், மாலை போடுகிறவர்களின் கைகள், நார், சரிகை, தண்ணீர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, நாற்பத்து மூன்றும் முடிந்தன. ஒரு அசம்பாவிதமும் இல்லை. கோப்பு நாற்காலிமேல் பத்திரமாக இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்து முழுக்க மஞ்சளும் சிவப்புமாகச் சாயம். ஜீவரத்தினம் எழுந்து போகும்போது, பையிலிருந்து அந்த இஸ்திரிச் சட்டையை எடுத்து மேடை ஓரத்தில் வைத்தார்.

"உங்கள ஏன் காட்டிக்குடுக்கலன்னு யோசிக்கிறீங்க," என்றார் ஏசுபாதத்திடம், குரலைத் தாழ்த்தி. "பத்து வருஷத்துல என் பையை முகம் சுளிக்காம வாங்கினது நீங்க ஒருத்தர்தான்."

மெமோ மார்ச்சில் வந்தது. பட்டியலில் ஏசுபாதத்தின் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்தது: பிரமுகர்கள் கழற்றும் மாலைகளைப் பெற்றுக்கொள்ள இனி காவல்துறையிலிருந்தே ஒருவர் நிறுத்தப்பட வேண்டும். யோசனை தந்தவர் இன்ஸ்பெக்டர் அசரியா என்று கீழே இருந்தது. ஊரில் எல்லோரும் அசரியாவின் மூளையை மெச்சினார்கள். கனகவல்லி மட்டும், அதை நான்தானே சொன்னேன் என்று பூ வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை யார் நம்புவார்கள்?

விழாப் படங்களைப் பார்க்க ஏசுபாதம் ஸ்டுடியோவுக்குப் போனார். கழுத்துவரை மாலையோடு மந்திரிக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படத்தை எட்மண்ட் எடுத்து வைத்திருந்தார். கட்சிச் செயலாளர் இதைப் பார்த்துவிட்டு, இந்த ரயில்வே அதிகாரி யார் என்று கேட்டாராம். ஏசுபாதம் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றார்.

அவர் இடுப்பை ஒட்டி, படத்தின் ஓரத்தில், ஒரு கை. அந்தக் கையில் அவருடைய கோப்பு. நாற்பத்து மூன்று பெயர்கள், விலாசங்கள் எல்லாம் இருந்த கோப்பு. பன்னிரண்டாவது மாலையின்போது திரும்பிப் பார்க்காமல், "கொஞ்சம் பிடிங்க" என்று யாரிடமோ நீட்டியது இப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரிடம்? கையில் கடிகாரம் இல்லை, மோதிரம் இல்லை. முழுக்கைச் சட்டை, சுத்தமாக வெட்டிய நகங்கள்.

எட்மண்ட் லென்ஸை நீட்டினார். பிறகு, மனிதர்களின் கஷ்டம் புரிந்தவராக, மேஜை இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தார்.

"வெட்டிடலாமா சார்?"

"வேண்டாம்," என்றார் ஏசுபாதம், கண்ணை எடுக்காமல். "பெருசாக்கு."